குஞ்சோடு நின்ற விரால்

வைகாசி 9, வெள்ளி

கத்திரி வெயில். தண்ணி லாரி வரவில்லை. இரண்டு குடம் அடிபம்பில்.

மத்தியானம் மாப்பிள்ளை வந்தார், ஓசூரிலிருந்து, காரில். என் மகள் செத்து நாலு வருஷம். அப்போதிலிருந்து பேத்தி தர்ஷினி என்னிடம்தான். இவர் இப்போது இன்னொரு கல்யாணம் முடித்து, வீடும் கட்டி, தன் பெண்ணைக் கூட்டிப்போகக் கேட்டு வந்திருக்கிறார்.

"அத்த, அவ வர்றேன்னு சொன்னாத்தான் கூட்டினு போவேன். இல்லன்னா பேசாம திரும்பிடுறேன்."

நியாயமாகப் பேசுகிறார். சண்டைக்கு வந்திருந்தால் நானும் ஒரு கை பார்த்திருப்பேன். முருங்கைக்காய் சாம்பார், அப்பளம். மோர் ரொம்பப் புளிப்பு. முகம் சுளிக்காமல் குடித்தார்.

தர்ஷி அவரை எந்த முறை வைத்தும் கூப்பிடவில்லை. "அவரு குளிக்கிறாரு ஆயா." "அவரு போனு அடிக்குது." அவ்வளவுதான். எனக்கு நிம்மதி. இங்கே எழுதுவதற்கென்ன, நிம்மதிதான்.

வைகாசி 10, சனி

மேகம் மட்டும். ரேஷன் கடை பூட்டியிருந்தது.

மாப்பிள்ளை காரில் சக்கரம் வைத்த தூண்டில். லீவு கிடைத்தால் ஏரி ஏரியாகப் போவாராம். ரப்பர் தவளை ஒன்று எடுத்துக் காட்டினார், வயிற்றில் முள் ஒளிந்திருக்கிறது. தர்ஷி அதை அழுத்திப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் தாமதம், "நாளைக்கு பனமலை ஏரிக்குப் போலாமா?" என்றார்.

பனமலை என் தாய்வீட்டு ஊர். வேண்டாம் என்று எப்படிச் சொல்ல.

எதிர்வீட்டு முனியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, மருமவன் தூண்டிலோட வந்துக்கிறாரு? மீனு புடிக்கவா, பேத்தியப் புடிக்கவா?" உள்ளே வந்துவிட்டேன். அவளுக்கு இனிமேல் கறிவேப்பிலை கிடையாது.

வைகாசி 11, ஞாயிறு

விடிந்ததும் கிளம்பினோம். எனக்குப் பின்சீட்டு. தர்ஷி முன்னால்.

ஏரிக்கரையில் மீன் குத்தகைக்காரரின் காவல் ஆள். "தூண்டில்னா போட்டுக்கங்க சார். வலைய எறக்கினா வண்டிய வுட மாட்டேன்." ரப்பர் தவளையைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு. "எங்க ஊரு மீனுங்க பள்ளிக்கூடம் போனதுங்க சார். இதுக்கெல்லாம் ஏமாறாதுங்க."

"அத்த, உங்க ஊரு ஏரியாச்சே. விரால் எங்க நிக்கும்?" என்றார் மாப்பிள்ளை.

கலங்கல் பக்கம் என்றேன், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற இடம். அங்கே வெறும் பாறை, முழங்கால் தண்ணீர், நிழல் கிடையாது, கெளுத்திகூட வராது. தெரிந்துதான் சொன்னேன். வெயிலில் வெறுங்கையோடு நின்று எரிந்து விழட்டும், அதைத் தர்ஷி பார்க்கட்டும். அதுதான் என் யோசனை.

வீசி வீசிப் பார்த்தார். சட்டை முதுகெல்லாம் நனைந்தது. ஒரு முணுமுணுப்பு இல்லை. தர்ஷி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு, "இங்க இருக்காது. மதகாண்ட காட்டாமணக்குப் பொதருல இருக்கும், வாங்க" என்று முன்னால் நடந்தாள். அது முன்பு நான் அவளுக்குக் காட்டிய இடம்.

புதரோரம் தண்ணீர் மேல் மிளகாய்த்தூள் கொட்டினாற்போல் சிவப்பாக விரால் குஞ்சுகள். அடியில் பெரிய மீன் காவல் நிற்கும். பசி இல்லாவிட்டாலும் குஞ்சுகள் பக்கத்தில் எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். அதனாலேயே எங்கள் ஊரில் குஞ்சோடு நிற்கிற விராலைத் தொடுவதில்லை. மாப்பிள்ளைக்கு அந்த வழக்கம் எங்கே தெரியும். "பாரு, இப்ப அடிக்கும் பாரு" என்று தவளையைக் குஞ்சுகளுக்கு நடுவில் வீசினார்.

"நைனா, வேணாம்! புள்ளைங்களோட இருக்குது!"

நைனா என்றாள். மூன்று நாளாக "அவரு", இப்போது அப்பன்.

அதற்குள் மீன் கடித்துவிட்டது. கரைக்கு இழுத்தார். நல்ல கனமான விரால். தர்ஷி அழ ஆரம்பித்தாள். இப்போது கத்துவார், இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த ஒரே மீன், கத்தாமல் இருப்பாரா என்று பார்த்திருந்தேன். அவர் சேற்றில் மண்டியிட்டு முள்ளைக் கழற்றினார். மீன் துள்ளியதில் முள் அவர் விரலில் ஏறிவிட்டது. ரத்தம்.

"சாரிடா கண்ணு, எனக்குத் தெரியாது. நீயே வுட்டுடு" என்று மீனை அவள் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கி அதை விட்டார்கள். அது குஞ்சுகளிடம் திரும்பிப் போகிறதா என்று குனிந்தபடியே நின்றார்கள். வெகு நேரம். என்னை யாரும் கூப்பிடவில்லை.

காவல் ஆள் மட்டும் பக்கத்தில் வந்து, "ஆயா, மசாலா அரைச்சி வச்சிட்டு வந்தியா? இன்னிக்கு ரசந்தான் உனுக்கு" என்றான்.

திரும்பும்போது வண்டியில் தர்ஷி: "ஆயா, கலங்கலாண்ட மீனே இருக்காதுன்னு நீதான சொல்லுவ?"

"மறந்துட்டேன்டி."

"நீயா?"

மாப்பிள்ளை கண்ணாடியில் ஒரு தடவை என்னைப் பார்த்தார். "அத்தைக்குப் பசிக்கும், எங்கனா டிபன் சாப்டலாமா?" என்று பேச்சை மாற்றிவிட்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வைகாசி 12, திங்கள்

தூறல். கொடியில் துணி நனைந்தது. முட்டிவலி மாத்திரை தீர்ந்துவிட்டது.

மல்லிப்பூ பறித்துக்கொண்டிருந்தேன். தர்ஷி வந்து நின்றாள். "ஆயா, நான் நைனாகூட போனா கோச்சிக்குவியா?"

போகாதே என்று ஒரு சொல். அது போதும். இந்தத் தெருவில் யாரிடமும் எதற்கும் போய் நின்றவள் இல்லை நான். நான் வளர்த்த பிள்ளையிடம் போய் எப்படிக் கெஞ்சுவேன்.

"நான் இன்னாத்துக்குடி கோச்சிக்கறேன்? போயேன். அங்க பெரிய ஸ்கூலாமே."

அங்கேயே நின்றாள். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாளோ என்னவோ. செடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு மாப்பிள்ளை அடுப்பங்கரை வாசலில். "அத்த, நீங்க சரின்னுட்டதா சொல்றா. நெஜமாவா? உங்களுக்கு மனசு இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க. விட்டுட்டுப் போறேன்."

கரண்டியைக் கழுவினேன். கழுவினதையே திரும்பவும் கழுவினேன். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"இட்லிக்குப் பொடிதான் தொட்டுக்குவா மாப்ள. சட்னி வச்சா எழுந்து பூடுவா. உங்க வீட்டுல அவங்களாண்ட சொல்லி வையிங்க" என்றேன்.