ரோஸ் மாத்திரை வெள்ளையான மாதம்

அக்கா,

இன்று காலை சீலைப் பெட்டிக்குள் ஒரு கைக்குட்டை முடிச்சு தட்டுப்பட்டது. அவிழ்த்தால், சர்க்கரை வியாதிக்கு நீ விழுங்கும் இனிப்பு நீர் மாத்திரை ஒன்று. ரோஸ் நிறம். ஓரம் உதிர்ந்து விரலில் ஒட்டியது.

அதைப் பார்த்திருக்கையிலேயே பனிக்குள் ரப்பர் பால்மரங்கள் நிரை நிரையாக வந்து நின்றன. நீ வாளியோடு முன்னே போகிறாய். படிக்கத் தெரியாத நமக்கு நிறம்தான் எழுத்து. பஸ்ஸையும் நிறம் பார்த்துத்தான் ஏறினோம். ரப்பர் தோட்டம் இல்லாமல் போய், நாம் ஈப்போ நகரத்து அடுக்குமாடிக்கு வந்த பிறகும், "ரோஸு காலைல, மஞ்ச ராவைக்கு" என்று பாட்டாகவே பாடுவாய்.

அந்த மாதம் உனக்கு முட்டி வலி. உன் மருந்தை எடுக்க நான்தான் கிளினிக் போனேன். நம்மிடையே பேச்சு இல்லை. என் வீட்டு விருந்தில் எல்லார் முன்னும், "உப்பில்லாத கறிய யாரு திம்பா லா?" என்று சிரித்தவள் நீ. மறப்பேனா?

கிளினிக்கில் கொடுத்தது ரோஸுக்குப் பதில் வெள்ளை மாத்திரை. பார்த்தேன், ஏன் என்று கேட்கவில்லை. பையை உன் கிரில் கதவில் மாட்டிவிட்டு நடந்தேன். "யாரு புள்ள, நீயா?" என்ற உன் குரல் நடைவழியெல்லாம் பின்னால் மிதந்து வந்தது. திரும்பவில்லை.

வெள்ளை வேறு மருந்து என்று நினைத்து, மிச்சமிருந்த ரோஸையும் சேர்த்து விழுங்கினாய். இரண்டும் ஒரே மருந்து. சர்க்கரை இறங்கி மயங்கியவள், பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்விட்டாய்.

கிளினிக்கில் போய் நின்றேன்.

"மாத்திரை செய்யிற கம்பெனி மாறிடுச்சு பாட்டி. போர்டுல நோட்டிஸ் ஒட்டியிருக்கோம்லா," என்றாள் மருந்து கொடுக்கும் பெண்.

"ஒங்க போர்டு எறங்கி வந்து எங்கிட்ட பேசுமா?"

பேத்தியை உட்கார வைத்துப் புகார் எழுதச் சொன்னேன். பதில் வரும்வரை வாராவாரம் போனேன். வந்தது: 'வாயால் விளக்காதது எங்கள் தவறு.' மூன்று முறை வாசிக்கச் சொன்னேன். மன்னிக்கவில்லை. ஆனால் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்கள், அதையும் நான் மறக்க மாட்டேன். என் தவறுக்கு நான் எந்தக் கடிதமும் எழுதச் சொல்லவில்லை, இதுவரை. இதைத்தான் இன்று பேத்தி, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

இப்போது மருந்து மாறினால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, தமிழிலேயே சொல்கிறார்கள். மாறாத மாதமும் நான் கேட்கிறேன். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

கால் வலிக்க மாடியேறி நடைவழியில் போகும்போது, எந்த வீட்டுக்குள்ளிருந்தாவது "யாரு?" என்று குரல் வந்தால் நின்றுவிடுகிறேன்.

"நான்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன், அக்கா.