சல்வா அத்தை வீட்டு ஃப்ரிட்ஜ்

குயிமராஸ்
செவ்வாய்க்கிழமை

என் தங்க மகன் ஜோவென்சியோவுக்கு அம்மா எழுதுவது.

எந்தக் கடலில் இருந்தாலும் நீ சுகமாக இருக்கவேண்டும், நேரத்துக்குச் சாப்பிடவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அப்பாவின் சர்க்கரையும் இப்போது கட்டுக்குள் இருக்கிறது, நடுவில் ஒரு மாதம் அது ஏன் ஆட்டம் காட்டியது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு நேனாவின் மகன் ரோதெல் அடுத்த வாரம் உன் கப்பலில் ஏறுகிறானாம். இந்தக் கடிதத்தையும் காய்ந்த மாம்பழப் பொட்டலம் இரண்டையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். ஒரு பொட்டலம்தான் கைக்கு வந்தது என்றால் எனக்குத் தெரியப்படுத்து, நான் நேனாவிடம் பேசிக்கொள்கிறேன்.

விஷயம் நம் ஃப்ரிட்ஜ். ஆயிரம் டன் மீனைக் குளிரவைக்கிற கப்பலில் மகன் என்ஜினியர், அவன் வீட்டில் ஒரு கிலோ மீன் நாறிப்போகிறது என்று ஊரே சிரித்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே ஐஸ் பெட்டியில் எல்லாம் கல்லாக இருக்கிறது, கீழ்த்தட்டில் வைத்த பாலும் கீரையும் கெட்டுப்போகிறது. பாலும் கீரையும் போனால் போகட்டும், அப்பாவின் இன்சுலின் அங்கேதானே இருக்கிறது. ரிப்பேர்காரர் ஒருவர் வந்து கதவைத் திறந்தார், மூடினார், வயசாயிடுச்சு, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார். அவருக்கும் அந்த ஃப்ரிட்ஜைவிட வயது அதிகம்தான், அவரை யாரும் தூக்கிப் போடவில்லையே என்று எனக்குக் கோபம். இன்சுலினை நேனா வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தோம். அவள் பேரப்பிள்ளைகள் ஐஸ் தேடிக் குடைந்ததில் டப்பா மேலே போய் உறைந்துவிட்டது. உறைந்தது உருகினாலும் போடக்கூடாது என்று சுகாதார நிலையத்து நர்ஸ் சொல்லிவிட்டாள். புதிது வர மூன்று நாள், அந்த மூன்று நாளும் அப்பா சோர்ந்து படுத்திருந்ததைப் பார்த்தபோதுதான் இனி யாரையும் நம்பி உட்காரக்கூடாது என்று நானே இறங்கினேன்.

நீ லீவில் வந்தபோது சொல்லிக்கொடுத்ததை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொண்டேன். முதலில் பிளக்கைப் பிடுங்கினேன், அதைத்தான் நீ நூறு தடவை சொல்லியிருக்கிறாய். பின்பக்கத்துக் கம்பிகளில் அப்பியிருந்த தூசியைப் பழைய பெயிண்ட் பிரஷால் தட்டினேன், ஒரு தலையணைக்குப் பஞ்சு தேறும். தண்ணீர் வடிகிற ஓட்டையில் அடைப்பு இருந்தது, வெந்நீர் விட்டு எடுத்தேன். கதவு ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, இடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன், கீழ் மூலையில் மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று வந்தது, மற்ற இடத்தில் நன்றாகப் பிடித்தது. திரும்ப ஓடவிட்டுக் கதவைத் திறந்துவைத்து, கதவு அமுக்குகிற சின்ன சுவிட்சை விரலால் அமுக்கிக் காது கொடுத்தேன். உள்ளே ஃபேன் சுற்றுகிற சத்தம் வரவேண்டும் அல்லவா, மூச்சே இல்லை. மேலே இருக்கிற குளிரைக் கீழே தள்ள ஆளில்லை, அவ்வளவுதான் நோய். கண்டுபிடித்த சந்தோஷத்தில் அப்பாவை எழுப்பிச் சொன்னேன், அவர், பையனுக்குப் பதிலா உன்னையே கப்பலுக்கு அனுப்பியிருக்கலாம் என்றார்.

நோய் தெரிந்தது, மருந்து கிடைக்கவேண்டுமே. பின்னால் அடியில் இருந்த கறுப்பு உருண்டையில் ஒரு நம்பர் இருந்தது, எழுதிக்கொண்டு படகேறி இலோயிலோவுக்குப் போனேன். கடைக்காரப் பெண் பார்த்துவிட்டு, அம்மா இது கம்ப்ரஸரோட நம்பர், ஃப்ரிட்ஜோட நம்பர் உள்ள இடது பக்கச் சுவர்ல, காய் டப்பாவுக்குப் பக்கத்துல ஸ்டிக்கர்ல இருக்கும், கடைசி எழுத்துவரைக்கும் வேணும், அந்த ஒரு எழுத்து மாறினா மோட்டாரே மாறிடும் என்றாள். திரும்பி வந்து பார்த்தால் ஸ்டிக்கர் இருக்கிறது, எழுத்து இல்லை. பதினாறு வருஷமாக வாரம் தவறாமல் நான் தேய்த்துத் தேய்த்துத் துடைத்ததில் பாதி அழிந்துவிட்டது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து போட்டோ எடுத்தும் பார்த்தேன், கடைசி இரண்டு எழுத்து வரவே இல்லை. உத்தேசமாக ஒன்றைச் சொல்லி வாங்கிவந்த மோட்டாரின் தண்டு குட்டையாக இருந்தது, இறக்கை உட்காரவில்லை. மறுபடி படகு, மறுபடி இன்னொன்று, அதுவும் இல்லை. படகுக்காரன், அக்கா நீங்க ஃப்ரிட்ஜையே ஏத்திக்கிட்டு வந்துடுங்களேன் என்று கிண்டல் பண்ணினான்.

இந்த இரண்டு வாரமும் உன் அப்பா ஒரு மாதிரியாகவே இருந்தார். ஏதோ சொல்ல வாயெடுப்பார், மென்று விழுங்குவார். போன ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் நின்று, தோரிங், நீ கோவிச்சுக்கலேன்னா ஒண்ணு சொல்றேன், நம்ம ஃப்ரிட்ஜ் மாதிரியே ஒண்ணு அக்கா வீட்டுல இருக்கு, அது செத்து மூணு வருஷமாச்சு என்றார். உனக்கு ஞாபகம் இருக்காது, அவர் அக்கா சல்வாவும் நாங்களும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி இரண்டு ஃப்ரிட்ஜ் வாங்கி ஒரே படகில் கொண்டுவந்தோம். அதை நான் மறந்தேபோயிருந்தேன். உன் தாத்தா இறந்த வாரத்தில் அவருடைய குழந்தை யேசு சொரூபத்தை யாரிடமும் சொல்லாமல் அவள் எடுத்துப்போனதிலிருந்து ஆறு வருஷமாக எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை என்பதுதான் உனக்குத் தெரியுமே. அது செத்து மூணு வருஷம்னு உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மனுஷன் முகத்தைப் பார்க்கவேண்டும். வலை பின்னப் போகிறேன் என்று வாரத்தில் இரண்டு நாள் போனதெல்லாம் அங்கேதானாம். அவர் சொன்னால் திருட்டுத்தனம் வெளியே வரும், சொல்லாவிட்டால் இன்சுலின் கெட்டுப்போகும், பாவம் இரண்டு வாரம் அந்த மனுஷன் பட்ட பாடு. எனக்குக் கோபம் வரும் என்று நானும் காத்திருந்தேன், வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

அன்று மத்தியானமே ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு தனியாகப் போனேன். உன் அத்தை வாசலில் மரத்து மாங்காய்க்கு மாட்டுகிற காகித உறை செய்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, பரவாயில்லையே, ஆறு வருஷத்துக்கப்புறமும் வழி தெரிஞ்சுதா என்றாள். தெரியல அண்ணி, உங்க தம்பி செருப்புத் தடத்தைப் பார்த்துக்கிட்டே வந்தேன் என்றேன். அவள் சிரிக்கக்கூடாது என்றுதான் உதட்டைக் கடித்தாள், முடியவில்லை. உள்ளே போனால் அந்த ஃப்ரிட்ஜ் அரிசி டப்பாவும் மடித்த துணியுமாக அலமாரியாக நிற்கிறது. மேஜைமேல் தட்டு போட்டு மூடிய இனிப்பு அரிசிப் பலகாரம், அது யாருக்கு என்று நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. தம்பி அன்செல்மோவுக்கு ஒண்ணே ஒண்ணுதான் குடுப்பேன், நீ பயப்படாதே என்று மட்டும் தானாகச் சொன்னாள். துணியை எடுத்துவிட்டுப் பார்த்தேன், ஸ்டிக்கர் நேற்று ஒட்டினதுபோல முழுசாக இருக்கிறது. உங்க வீட்டு ஃப்ரிட்ஜை ஒரு நாளாவது துடைச்சிருக்கீங்களா அண்ணி என்றேன். துடைச்சிருந்தா நீ இன்னைக்கு வந்திருப்பியா என்றாள்.

நம்பரை எழுதிக்கொண்டு கிளம்ப இருந்தேன், அவள்தான், நம்பரை வெச்சு என்ன பண்ணப்போறே, சாமானையே கழட்டிக்கோ என்றாள். அவள் டார்ச் பிடித்தாள், நான் ஐஸ் பெட்டியின் பின்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். ஒன்று துருப்பிடித்து நகரவில்லை, அவள் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து விட்டாள், இறுகினது இளகுகிற வரைக்கும் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அவளாகவே, அப்பா கடைசி நாள்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொரூபத்தை நீ வெச்சுக்கோன்னாரு, அதை நான் உங்கிட்ட சொல்லியிருக்கணும், அழுகையில தோணலை, அப்புறம் சொல்ல வாய் வரலை என்றாள். நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் அண்ணி, கேக்காம ஊரெல்லாம் பேசினேன் என்றேன். மறுபடி ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகினேன். ஸ்க்ரூ கழன்று வந்தது. மோட்டாரை விரலால் சுற்றிப் பார்த்தேன், சுகமாகச் சுற்றியது. அவள் வீட்டில் கம்ப்ரஸர்தான் போயிருந்தது, ஃபேனுக்கு ஒரு குறையும் இல்லை.

நான் மாட்டுவதைப் பார்க்கவேண்டும் என்று கூடவே வந்துவிட்டாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒயர் எது எதில் போகிறது என்று கழற்றுமுன் போட்டோ எடுத்துவைத்து, அதேபோல மாட்டினேன். அப்பா பக்கத்தில் நின்று ஜெபம் சொன்னார். ஓடவிட்டுச் சுவிட்சை அமுக்கினதும் அந்த மெல்லிய இரைச்சல் கேட்டதடா ஜோவென், உன் முதல் அழுகையைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. கீழ்த்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டுவைத்தோம், மறுநாள் காலையில் ஐந்து டிகிரி. புதிது வந்தும் வேறு வழியில்லாமல் நேனா வீட்டிலேயே வைத்திருந்த இன்சுலினை அப்பா ஊர்வலம்போலக் கொண்டுவந்தார்.

இப்போது உன் அத்தை தன் அரிசியையும் துணியையும் வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டாள். பழைய இரும்புக்காரன் வந்து கேட்டானாம், இது என் தம்பி பொண்டாட்டியோட ஸ்டோர் ரூம், பல்பு, தட்டு, ரப்பர் எல்லாம் அவளுக்கு வேணும் என்று விரட்டிவிட்டாளாம். நேற்று சந்தையில் பார்த்தபோது, எது ஒடைஞ்சாலும் ஓடி வா தோரிங் என்றாள். இப்போதைக்கு ஒண்ணும் ஒடையலையே அண்ணி என்றேன். அப்போ சும்மா வா என்றாள்.

கடவுள் உன்னை அலையிலும் காற்றிலும் கைப்பிடித்து நடத்தட்டும், உன் கூட வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். அடுத்த துறைமுகத்தில் கதவு ரப்பர் கிடைக்குமா என்று பார், கீழ் மூலை தொளதொளப்புதான் பாக்கி. நம்பரைக் கடைசி எழுத்துவரை தனிச் சீட்டில் எழுதி மாம்பழப் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன், பழத்தைத் தின்றுவிட்டுச் சீட்டைக் குப்பையில் போட்டுவிடாதே. அத்தைக்குத் தனியாக இரண்டு வரி எழுது, ஆறு வருஷமாக உன் படத்தை அவள் சுவரிலிருந்து எடுக்கவே இல்லை.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா தெயோதோரா