கேற்றின் நடுவில் ஒரு வட்டம்

என் தோழிக்கு,

காலையிலிருந்து வீடு முழுக்கப் பெயின்ற் மணம். வாசல் கேற்றுக்குப் பூச வந்தவர் கம்பிகளையெல்லாம் வெள்ளையாக்கிவிட்டு, "ரீச்சர், நடுவில இருக்கிற வட்டத்துக்கு என்ன நிறம்?" என்று கேட்டார். கேட்பதற்கு அவருக்கு வேறு கேள்வியே கிடைக்கவில்லையா! கொஞ்சம் பொறுங்கோ என்று உள்ளே வந்துவிட்டேன். உம்மோடு கதைக்காமல் இதற்கு எப்படிப் பதில் சொல்வது?

கொழும்பில் சித்திரப் பயிற்சி முடித்து நம் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் கிழமையே, பிள்ளைகள் பார்த்து வரையும் பூச்சாடியையும் மாம்பழத்தையும் நீர் வகுப்பைவிட்டுத் துரத்தினீர். இனி வடிவத்துக்கு ஒரு நிறம்: முக்கோணம் மஞ்சள், சதுரம் சிவப்பு, வட்டம் நீலம். மிச்ச நிறமெல்லாம் இந்த மூன்றிலிருந்தே பிறக்கும் என்றீர். "வட்டம் ஏனப்பா நீலம்? துறைமுகத்து மிதவையைப் பாரும், வட்டம், நல்ல சிவப்பு" என்று கணக்கு ரீச்சரான நான் மல்லுக்கு நின்றேன். "உமக்குக் கண் இருக்கு, பார்க்கத்தான் தெரியாது" என்பீர். தேநீர் ஆறிப்போகும், சண்டை ஆறாது.

பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கும் வித்தியாதிகாரிக்கு உம்முடைய பாடம் பிடிக்கவில்லை. நேரில் பார்ப்பேன், வெறும் விளையாட்டென்றால் நிறுத்திவிடுவேன் என்று சொல்லியனுப்பினார். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் வர்ணம் தீர்ந்துபோனது. நீர் அசரவில்லை. உப்புவெளிக் கரையில் வள்ளங்களுக்கு அடித்து மிஞ்சிய பெயின்றை வாங்கிவந்து பிள்ளைகளிடம் கொடுத்தீர். "ரீச்சர், இது கெதியில காயாது" என்று வள்ளக்கார வீட்டுப் பிள்ளைகள் சொல்லியும் கேளாமல், தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் வைத்தீர்.

பாடம் பார்க்க வந்த வித்தியாதிகாரி அடுக்கைத் தூக்கினார். எல்லாம் ஒட்டி ஒரே கட்டி. வகுப்பு வாசலில் நின்ற நான் உம்முடைய முகத்தைப் பார்த்தேன். அவர் பிய்த்துப் பார்த்தார். ஒரு கையில் மஞ்சள், மறுகையில் நீலம். எரிச்சலில் இரண்டு கைகளையும் தேய்த்தார்.

"சேர், பச்சை! பச்சை வந்திட்டுது!" என்று முன்வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி கத்தினாள். "நாங்கள் பச்சை வாங்கவே இல்லை சேர்!" என்று வகுப்பே எழும்பி நின்றது.

அவர் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். "பாடம் நடக்கட்டும் ரீச்சர். முதல்ல எனக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் தாங்கோ."

நீர் சிரித்தபடியே அழுதீர். நானும்தான்.

கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, "மிதவை இன்னும் சிவப்போ?" என்று கேட்டீர். ஓம் என்றேன். "பிழையான நிறம்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தீர்.

கேற்றடியில் பூச வந்தவர் பிரஷோடு காத்து நிற்கிறார். சிவப்பென்று சொல்லலாம், மறுக்க இனி ஒருவருமில்லை. எதிர்த்துக் கதைக்க நீர் இல்லாமல் எனக்கு எதற்கப்பா அந்தச் சிவப்பு? நீலம் என்று சொல்லப்போகிறேன்.