சீட்டை நகர்த்தலாம்

என்னங்க,

இன்று காலை புதுக் காரின் சீட்டுகளில் போட்டிருந்த பாலிதீன் உறைகளையெல்லாம் கிழித்தெடுத்துக் குப்பையில் போட்டேன். கிழிக்கும்போது எழுந்த வாசனை, பிளாஸ்டிக்கும் புதுத் துணியும் சேர்ந்து புழுங்கிய அந்த வாசனை, உங்களை இழுத்து வந்து எதிரே நிறுத்திவிட்டது. உங்கள் வண்டியில் அந்த உறை எத்தனை வருஷம் கிடந்தது? சித்திரை வெயிலில் என் முதுகு நனைந்து அதில் ஒட்டிக்கொள்ளும். கழற்றிவிடலாமே என்று கேட்டால், அழுக்காகிவிடும், துடைக்கிறவன் நான்தானே என்பீர்கள். விற்றபோதுகூடப் பின்சீட்டு உறை பாதி அப்படியே இருந்தது. ஆமாம், உங்கள் வண்டியை விற்றுவிட்டேன். வாங்கியவர் தெருமுனை திரும்பும்வரைகூட நான் வாசலில் நிற்கவில்லை.

போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். அதை ஊர் செய்துவிட்டது. நன்னிலம் கடைத்தெரு முழுக்க உங்கள் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி ஒட்டினார்கள். உரக்கடைக்காரர் தங்கமான மனுஷன், பிரசவ வலி என்று யார் வந்து நின்றாலும் முகம் சுளிக்காமல் வண்டியை எடுத்தவர் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பொய் இல்லை. நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களிடம், பயப்படாத தாயி, மெதுவாத்தான் போறேன் என்று எவ்வளவு இதமாகச் சொல்வீர்கள்! அந்தக் குரலை நான் முன்சீட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், அடுத்த வீட்டு ரேடியோவைக் கேட்பது மாதிரி.

நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்று கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள். மழையோ வெயிலோ ஸ்கூட்டரில் ஆற்றுப்பாலம் தாண்டிப் பள்ளிக்கூடம் போய் வருகிறவள். உங்கள் வண்டியில் ஏறினால் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். ஏசியைக் குறைக்கக் கை நீட்டினால் கையைத் தட்டிவிடுவீர்கள். ஜன்னலை நான் இறக்கினால் உங்கள் பக்கத்துப் பட்டனை அழுத்தி ஏற்றிவிடுவீர்கள். கதவைச் சாத்தினால் வேகமாகச் சாத்தினேன் என்பீர்கள். மெதுவாகச் சாத்தினால் சரியாகச் சாத்தவில்லை என்பீர்கள். இத்தனை வருஷம் போய் வந்த வண்டியில் எந்தப் பட்டன் எதற்கு என்று எனக்குத் தெரியாது. கேட்டால், “தெரிஞ்சு என்ன பண்ணப் போற?”

ஒரே ஒரு தடவை ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். கயல் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த சமயம். நம் பெண்ணை டியூஷனுக்கு அழைத்துப்போய் வர வசதியாக இருக்கும் என்று பல மாதம் கெஞ்சிய பிறகு, ஊருக்கு வெளியே இருக்கும் திடலுக்குக் கூட்டிப்போனீர்கள். உங்கள் கடை ஆட்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். கிளச்சை முழுக்க மிதிக்கக் கால் எட்டவில்லை. எட்டலைங்க என்றேன். எட்டும் வரைக்கும் மிதி என்றீர்கள். சீட்டின் நுனிக்கு வந்து, விரல் நுனியால் மிதித்து, கியர் போட்டேன். வண்டி கடமுடவென்று அலறியது. தூக்கிப் போட்டு நின்றது. மறுபடி எடுத்தேன், மறுபடி நின்றது. கடை ஆட்களில் ஒருவன் சிரித்தான். நீங்களும் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

“ஸ்கூட்டரோட நிறுத்திக்க. எறங்கு. பின்னால போய் உக்காரு.”

பின்னால் போய் உட்கார்ந்தேன். சிரித்தவனை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டினீர்கள். வழி முழுக்க அவனோடு யூரியா தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தீர்கள். அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் புது வண்டியை எடுத்தோம். சென்னையில் இருந்து கயல் வந்திருந்தாள். ஷோரூமில் வண்டியை ஒப்படைக்கிற ஷர்மிளா என்ற பெண், முப்பது வயதிருக்கும், என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னாள். நான் என் பையில் இருந்து ஒரு சின்னத் தலையணையை எடுத்து முதுகுக்கு வைத்தேன். நான் ஓட்டப் பழகிய டிரைவிங் ஸ்கூல் வண்டி பழைய வண்டி. அதன் சீட்டு துருப்பிடித்து இறுகிப்போயிருந்ததால், நகரும் என்று அங்கேயும் யாரும் சொல்லவில்லை. தலையணை வைத்துத்தான் கற்றேன், தலையணை வைத்துத்தான் லைசன்ஸ் எடுத்தேன்.

“இது எதுக்கு மேடம்? சீட்டுக்கு அடியில கைய விடுங்க, ஒரு கம்பி இருக்கும். அதத் தூக்கிட்டு முன்னால வாங்க” என்றாள்.

தூக்கினேன். சீட்டு என்னையும் சுமந்துகொண்டு சத்தமே இல்லாமல் முன்னால் வந்தது. பக்கவாட்டில் இருந்த இன்னொரு பிடியை மேலும் கீழும் அடிக்கச் சொன்னாள். நான் உயர்ந்தேன். கண்ணாடிக்கு வெளியே பானட் முழுசாகத் தெரிந்தது. கிளச்சை மிதித்தேன், கால் அடிவரை போனது.

பக்கத்து சீட்டு நகரும் என்று எனக்குத் தெரியும். டிரைவர் சீட்டும் நகரும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அது உங்கள் சீட்டு, அங்கேயே முளைத்தது என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. ஆனால் உங்களுக்குத் தெரியுமே. அன்றைக்குத் திடலில், என் கால் எட்டவில்லை என்று நான் சொன்னபோது, உங்களுக்குத் தெரியும். உங்கள் அளவுக்கு வைத்த சீட்டு கலைந்துவிடும் என்பதற்காகக் குனிந்து ஒரு கம்பியைத் தூக்கச் சொல்லவில்லை. ஷோரூமில் அத்தனை பேர் நடுவில் அதை நினைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கையில் கிடைத்தால் உங்கள் சட்டையைப் பிடித்திருப்பேன்.

ஷர்மிளா ஒவ்வொன்றாகக் காட்டினாள். வலது பக்கக் கம்பி இண்டிகேட்டருக்கும் லைட்டுக்கும், இடது பக்கம் வைப்பருக்கு. பின்கண்ணாடியில் பனி பிடித்தால் ஒரு பட்டன். பெட்ரோல் மூடி திறக்க இது, பானட் திறக்க இது, இரண்டையும் மாற்றி இழுத்துவிடாதீர்கள் என்றாள். நடுவில் சிவப்பாக ஒரு முக்கோணம் இருந்தது.

“வண்டி நடுவழியில நின்னுட்டா, இல்ல ஏதாவது அவசரம்னா இத அழுத்துங்க மேடம். நாலு மூலையிலயும் லைட் விட்டு விட்டு எரியும். பாக்குறவங்க உதவிக்கு நிப்பாங்க.”

அழுத்தினேன். டிக் டிக் என்று சத்தம் வந்தது. அணைக்கத் தோன்றாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். போதும்மா என்று கயல் என் கையைத் தொட்டாள்.

இதே முக்கோணம் உங்கள் வண்டியிலும் இருந்தது.

போன தை மாதம் பேராவூரணியில் உங்கள் சிநேகிதர் வீட்டுக் கல்யாணம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மன்னார்குடி தாண்டிய பிறகு ஏப்பம் வருகிறது என்றீர்கள். பிறகு இடது கையை உதறினீர்கள். வேர்வை வழிந்தது. ரோட்டோரம் நிறுத்தி என்ஜினை அணைத்தீர்கள். அறுவடை நேரம், ரோட்டின் ஒரு பாதியில் நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். மன்னார்குடி பின்னால் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ரோடு நேராக, காலியாக இருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன், கிளம்பிவிட்டது என்றார்கள். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. சாவியைக் கொடுங்கள், நீங்கள் சொல்லச் சொல்ல நான் எடுக்கிறேன், மெதுவாகத் திருப்பி ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றேன். சாவியை உருவி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டீர்கள்.

“நீ எடுத்தா ரெண்டு பேரும் சேந்து போவ வேண்டியதுதான்.”

அதுதான் நீங்கள் கடைசியாகப் பேசியது.

நான் இறங்கி ரோட்டில் நின்று முந்தானையை வீசினேன். ஒரு கார் ஒதுங்கிப் போனது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஓரமாக ஒழுங்காக நிற்கிற வண்டி, பட்டுச்சேலை கட்டிய பொம்பளை; அவர்கள் என்னவென்று நினைப்பார்கள்? நெல் கிளறிக்கொண்டிருந்த பெண்கள்தான் முதலில் ஓடி வந்தார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள், அவர்கள் போட்ட சத்தத்தில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. ஏற்றியிருந்த நெல் மூட்டைகளை அப்படியே ரோட்டில் தள்ளிவிட்டு உங்களைப் படுக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது முடிந்திருந்தது. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நர்ஸ் உங்கள் விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

எனக்கு ஓட்டத் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா? தெரியாது. அது தெரியாமலேயே நான் சாக வேண்டும் என்பதுதான் நீங்கள் எனக்கு வைத்துவிட்டுப் போனது.

உங்கள் அக்காவுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, வந்தவர்கள் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்கள். “பக்கத்துலயே உக்காந்திருந்தா. வண்டி எடுக்கத் தெரிஞ்சிருந்தா என் தம்பி பொழச்சிருப்பான்.” உங்கள் காலடியில் உட்கார்ந்திருந்த நான் நிமிர்ந்து உங்கள் முகத்தைத்தான் பார்த்தேன். மூக்கில் பஞ்சு வைத்து, நெற்றியில் காசு ஒட்டி, எவ்வளவு அமைதியாக இருந்தீர்கள். அந்த மாதமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். வருஷம் திரும்பவில்லை, அதற்குள் கார் கேட்கிறதா என்று இப்போது அதே அக்கா கேட்கிறார்கள். ஆமாம், கேட்கிறது அண்ணி என்று சொன்னேன். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

புது வண்டிக்குச் சாவி போட்டுத் திருக வேண்டாம். கைப்பையில் இருந்தால் போதும், கிளச்சை மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் கிளம்பிவிடும் என்று ஷர்மிளா சொன்னாள். அதைக் கேட்டு நான் சிரித்ததை அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஷோரூமில் இருந்து நானே ஓட்டி வந்தேன். அய்யம்பேட்டை தாண்டியதும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் போடப் போய் இண்டிகேட்டரைத் தட்டிவிட்டேன். கண்ணாடி மங்கிவிட்டது, பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். உடனே உங்கள் குரல் வந்தது, அறிவிருக்கா, அறிவிருக்கா என்று, காதுக்குப் பக்கத்தில். “சும்மா இருங்க” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

“யாருகிட்டம்மா பேசுற?” என்றாள் கயல்.

வண்டியிடம் என்றேன். இடது பக்கக் கம்பியைக் கீழே தள்ளினேன். கண்ணாடி தெளிந்தது. ஓரம் கட்டாமல் ஓட்டினேன்.

கும்பகோணம் தாண்டிக் குடவாசல் ரோட்டுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நின்றது. உங்கள் வண்டியை விற்றதில் கயலுக்கு என்மேல் கோபம். அப்பா வண்டிம்மா அது என்று போனில் அழுதவள். அவளுக்கு நீங்கள் வேறு ஆள். அவள் கேட்டு நீங்கள் இல்லை என்று சொன்னதே கிடையாது. திடீரென்று கேட்டாள்.

“அப்பா ஏம்மா உனக்குக் கத்துக் குடுக்கல?”

“கேட்டேன். குடுக்கல.”

பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டாள். நீங்கள் போன அன்றைக்கு, பஸ் பிடித்து வந்து சேர்ந்தவள், அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று என்னைக் கட்டிக்கொண்டு கேட்டிருந்தாள். கயலைப் பார்த்துக்க என்று சொன்னார் என்றிருந்தேன். அப்போது வாயில் வந்தது அதுதான்.

“நிஜமாவே அப்படித்தான் சொன்னாராம்மா?”

முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. கியரைக் குறைத்தேன். நீங்கள் சொன்னது என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லிவிட்டால் உங்கள் அக்கா சொன்னதற்குப் பதில் கிடைத்துவிடும், விற்றதற்கான கோபமும் தீர்ந்துவிடும். ஒரு நிமிஷத்தில் உங்களை அவள் முன்னால் என் ஆளாக, நான் பார்த்த ஆளாக ஆக்கிவிடலாம். அப்படிச் செய்ய எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆனால் கிளச்சில் கால் வைக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு எனக்குக் கேட்கிறது. கல்யாணம், வேலை, வீடு என்று இனி அவள் கை வைக்கப்போகும் ஒவ்வொன்றிலும் அது அவளுக்கும் கேட்க வேண்டுமா?

“ஆமா. அப்படித்தான் சொன்னாரு.”

அவள் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். டிராக்டர் ஒதுங்கியது, தாண்டினேன்.

உங்கள் பெயரைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்காக எதையும் செய்யவில்லை. அவளுக்கு நீங்கள் நல்ல அப்பாவாகவே இருந்துவிட்டுப் போங்கள். நீங்கள் சொன்னதை நான் வைத்திருக்கிறேன், யாருக்கும் கொடுக்க மாட்டேன். மறக்கவும் மாட்டேன்.