முன்னால் போனவர்

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மின்கட்டணம் கட்டியாயிற்று. சரோஜாவுக்கு முட்டிவலித் தைலம் வாங்க மறந்து போனேன். பெண்டாட்டியிடம் திட்டு.

மாலை கம்போங் ராஜா கடைத்தெரு, ஜமால் பாயின் ரொட்டிக் கடை. கூட்டம் இல்லை. இந்த வாரம் படித்துக்கொண்டிருப்பதைச் சொன்னேன். ஈர்ப்பு விசை இப்போதைவிடச் சற்றுக் கூடியிருந்தால் விண்மீன்கள் சீக்கிரமே எரிந்து தீர்ந்திருக்கும். சற்றுக் குறைந்திருந்தால் பற்றியே இருக்காது. இப்படிப் பல அளவுகள், எல்லாம் உயிர் வாழத் தோதாக. யாரோ திருகி வைத்ததா, தற்செயலா?

பாய் ரொட்டிக் கல்லைக் காட்டினார். "இதுல என்னா கேள்வி வாத்தியாரே? தண்ணி கூடுனா மாவு ஒட்டும். நெய் கொறஞ்சா கிழியும். மாவு சரியா இருக்குன்னா பெசஞ்சவன் ஒருத்தன் இருக்கான்லா."

"மாவு சரியில்லாத கடைல உக்காந்து யாரும் இந்தக் கேள்வியக் கேக்க மாட்டாங்க பாய். எத்தனையோ கடை மூடிப்போச்சு. நாம உக்காந்திருக்கறது மூடாத கடை."

"அப்ப என் கடை தானா வந்துச்சா? காசை வச்சிட்டுக் கெளம்புங்க."

கல்லாவிலிருந்து மகன் சாதிக்: "வாப்பா, பேசிப் பேசி மூச்சு வாங்காதீங்க. பத்தொம்பதாந்தேதி ஈப்போ ஆஸ்பத்திரில நெஞ்சத் தொறக்கப் போறாங்க, ஞாபகம் இருக்கா?" பாய்க்கு இதயத்தில் அடைப்பு. கடையில் வேலை செய்யவே தடை. முன்மேசையில் உட்கார்ந்து அதிகாரம் மட்டும்.

நான் விடவில்லை. லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வீடுகளை அடித்துப்போன வருஷத்தைச் சொன்னேன். தப்பிய வீட்டுக்காரர் ஆண்டவன் என்னைக் காப்பாற்றிவிட்டான் என்பார். தப்பாதவர் வந்து பேச முடியுமா?

பாய் முகம் மாறியது. மலைப் பக்கம் கை நீட்டி, "மேல பழைய தேயிலைக் காடு பாத்திருக்கீங்களா? கவாத்து வெட்டாம விட்டு மரமாயிருச்சு. நடுக்காட்டுல வரிசையா நிக்குது. தானா நிக்குமா? திங்கக்கெழம கடை லீவு. வாங்க, காட்டுறேன்."

தைலம், நாளை.

நவம்பர் 10, திங்கள்

காலையில் மட்டும் வெயில். எழுத்து கோணல்.

பாயின் கார். சாதிக்கிடம் "மார்க்கெட்டுக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாராம். முட்டைக்கோஸ் தோட்டங்களுக்கு மேலே பாதை முடிகிற இடம். அங்கிருந்து மெதுவாக நடை.

பார்த்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும். தேயிலை இயல்பில் மரம். வெட்டி வெட்டித்தான் இடுப்பளவில் வைத்திருக்கிறோம். இங்கே வெட்டுவதை விட்டு எத்தனையோ காலம். தலைக்கு மேல் கூரை போட்டு நிற்கின்றன, பாசி படிந்து. மற்ற காட்டு மரங்கள் கண்ட இடத்தில் முளைத்திருக்க, இவை மட்டும் நிரை பிசகாமல். இன்னொன்று, பாய் கவனிக்காதது: எல்லா மரமும் ஒரே உயரத்தில் கிளை பிரிந்திருந்தது. என் இடுப்பளவில். கடைசியாகக் கத்தி பட்ட இடம்.

"தோத்தீங்களா?" என்றார் பாய்.

"நட்டவன் இருக்கான், ஒத்துக்கறேன். தேயிலை நடறதக் கண்ணால பாத்திருக்கேன், அதனால தெரியுது. அண்டத்த நடறத யாரு பாத்தா?"

"உங்க வாய்க்குப் பூட்டே கெடையாதுலா."

"சரி பாய், நட்டவன் இருந்தான். இப்ப எங்க?"

விளையாட்டாகத்தான் சொன்னேன். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அதுவரை பறவை கத்திக்கொண்டிருந்ததென்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

பிறகு மூடுபனி. எஸ்டேட்டில் பிறந்த எவரும் அப்போது செய்வதைத்தான் செய்தோம்: ஒரு நிரையைப் பிடித்துக் கீழே நடப்பது. நிரை எப்போதும் கொழுந்து நிறுக்கும் பாதையில் கொண்டு விடும். ஆனால் இந்த நிரை போட்ட காலத்துப் பாதை இன்று இல்லை. நேராகக் காட்டுக்குள் போய்ப் புதரில் முட்டியது. ஒழுங்கு இருந்தது, பொய்யில்லை. நமக்காக இல்லை, அவ்வளவுதான்.

திரும்பினோம். பாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பனி இன்னும் இறுகியது. எனக்கு முன்னால் மங்கலாக ஒரு முதுகு, சருகில் காலடி. "பாய், மெதுவா" என்றேன். மெதுவானது. அதன் பின்னாலேயே போனேன். எப்போது இறக்கம் தொடங்கியது, தெரியவில்லை. திடீரென்று காலடியில் தார்.

பாய் சாலையோரக் கால்வாய்த் திண்டில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம்.

"நல்ல வேளை பாய், வழி கண்டுபுடிச்சீங்க."

"நானா?" மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "உங்க முதுகப் பாத்துத்தானே வந்தேன்."

காரை விட்ட இடம் வேறெங்கோ மேலே. காய்கறி லோரி ஒன்று ஏற்றிக்கொண்டது.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. வெளியே போகவில்லை. பாயின் காரைச் சாதிக் போய் எடுத்துவந்துவிட்டானாம். தாளில் படம் போட்டுப் பார்த்தேன்.

அடுத்தடுத்த இரண்டு நிரை. ஒன்றில் நான், மற்றதில் பாய். நடுவே மரம், பனி. ஒருவருக்கு மற்றவர் பக்கவாட்டில் தெரிவது முன்னால் தெரிவதுபோல் இருக்கும். அவர் மெதுவானால் நான் மெதுவாவேன், நான் நின்றால் அவர் நிற்பார். மீதியைச் சரிவு பார்த்துக்கொள்ளும். வழிகாட்டி தேவையே இல்லை. அழகான விளக்கம்.

பரீட்சையில் இரண்டு பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி, இரண்டு பேரும் சரியான விடை எழுதுவதுபோல. நடக்காததல்ல. என் சர்வீஸில் பார்த்ததில்லை.

சரோஜாவிடம் படத்தைக் காட்டினேன். "ரெண்டு பேருமே காப்பியடிச்சா வெட எங்கேருந்துங்க வந்துச்சு?" என்றாள். பருப்புக் கரண்டியோடு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 14, வெள்ளி

சாதிக் வந்தான். உட்காரவில்லை. "சார், வாப்பா ஆப்பரேசன் வேணாங்கறாரு. ஏன்னு கேட்டா உங்களக் கேக்கச் சொல்றாரு."

போனேன். பாய் கட்டிலில், கழுத்துவரை போர்வை. சன்னல் திரை மூடியிருந்தது. பகலிலேயே அப்படித்தானாம், மலை தெரியக் கூடாதாம்.

"முன்னால போனது நீங்க இல்ல. நானும் இல்ல," என்றார். "மயக்க ஊசி போட்டாங்கன்னா நான் மறுபடி அந்தப் பனிக்குள்ளதான் போவேன் வாத்தியாரே. அதே முதுகு முன்னால நிக்கும். இந்தத் தடவ எங்க கூட்டிட்டுப் போவும்? நான் பின்னாலயே போயிருவேன். அதான் பயம்."

"அல்லாதான் காப்பாத்துனான்னு நீங்களே சொல்லுவீங்களே பாய்." என் வாயிலிருந்து!

"காப்பாத்துனது அல்லா. அதுல சந்தேகமே இல்ல. முன்னால நடந்தது யாரு? அது வேற கேள்விலா."

படத்தைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். "உங்க கணக்கு சரியாத்தான் இருக்கும். நான் பாத்தேனே."

வரும் வழியில் தோன்றியது: இத்தனை வருஷம் தற்செயல் கட்சியில் நான் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன். அங்கே யாரும் இல்லை. யாரும் இல்லாத இடத்தில் பயமில்லை. இன்று முதல் தடவையாக, அங்கே யாரும் இல்லை என்பது உண்மையாக இருக்க வேண்டுமே என்று ஆசைப்பட்டேன். ஆசை விடையாகாது. பிள்ளைகளுக்கு நானே சொன்னதுதான்.

நவம்பர் 16, ஞாயிறு

பூனை கூரையில். அவரைக்கொடிக்குக் கயிறு. தைலம் ஒருவழியாக வாங்கியாயிற்று.

சாதிக் போனில். இந்தத் தேதியை விட்டால் அடுத்தது எப்போது கிடைக்குமோ தெரியாதாம். இன்னொரு முறை நெஞ்சு வலித்தால் இந்த மலைப்பாதையில் இறங்கி ஈப்போ சேர்வதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாமாம். அழுகிறான். தாடி வைத்த ஆண்பிள்ளை.

பாய்க்கு வேண்டியது நிரூபணமல்ல. ஒரு முகம். அந்த முதுகுக்குத் தெரிந்த முகம் ஒன்று வேண்டும்.

முன்னால் போனது நான்தான் என்று சொல்லிவிடட்டுமா என்று சரோஜாவிடம் கேட்டேன். "சொல்லிடுங்க. உயிரவிடப் பொய்யா பெருசு?" என்றாள். பிறகு, "ஆனா அப்பறம் முன்னால போனது யாருன்னு ஒங்களுக்கு யாரு சொல்லுவா?" என்றாள்.

நவம்பர் 18, செவ்வாய்

வெயில். மலை பளிச்சென்று.

காலையிலேயே போய்ச் சொல்லிவிட்டேன். வாசலில் ஒத்திகை பார்த்தபடியே: "பாய், முன்னால போனது நான்தான். ரோட்டுக்கு வந்து திரும்பிப் பாத்தா நீங்க இல்ல. பயந்து மறுபடி உள்ள போனேன். அதுக்குள்ள நீங்க வெளிய வந்து உக்காந்துட்டீங்க. சீக்காளிய வுட்டுட்டு முன்னால போயிட்டோமேன்னு வெக்கம். அதான் மழுப்பிட்டேன்."

ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. வகுப்பில் பழகிய கண்.

தோள் தளர்ந்தது. "யா அல்லா! ஒரு வாரமா என்னக் கொன்னுட்டீங்களே! வாத்தியாராம் வாத்தியாரு. புள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்க?" திட்டத் திட்ட முகத்தில் ரத்தம் ஏறியது. திரையை அவரே விலக்கினார். "சாதிக்! பைய எடு. காடிய வெளிய எடு."

சாதிக் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

மதியம் கிளம்பினார்கள். கார்க் கண்ணாடியை இறக்கிப் பாய் என்னைக் குனியச் சொன்னார். குரலைத் தாழ்த்தி:

"இத மட்டும் யார்கிட்டயும் சொல்லல. நெனச்சாலே ஒதறும், அதான். இப்ப பரவால்ல, நீங்கதானே. அந்த வழுக்குற எடத்துல கையப் புடிச்சு இழுத்தீங்க பாருங்க, என்னா குளிரு ஒங்க கை! வீட்டுக்குப் போயி சுடுதண்ணில வச்சீங்களா?"

"வச்சேன் பாய்," என்றேன்.

கார் வளைவு திரும்பி மறையும்வரை கையசைத்தேன்.

அன்று நான் அவரைத் தொடவே இல்லை.