அசனப் பந்தியில் இறங்கிய ட்ரோன்

பாளையங்கோட்டை,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள மகன் கிங்ஸ்டனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் ரீபாவும் கனடாக் குளிரில் சளி இருமல் வராமல் இருக்கவேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றுதான் எழுதினேன், மனசைப் பற்றி எழுதவில்லை, அதைக் கவனித்துக்கொள். வாராவாரம் முகத்தைப் பார்த்துப் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் என் கைக்கு எப்போது வருகிறது, நீயே சொல். சாப்பிட்டியா அம்மா என்று ஒரு கேள்வி, அதோடு அப்பாவும் நீயும் ட்ரோனைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறீர்கள், நான் துணியெல்லாம் மடித்து வைத்துவிட்டு வந்தால் போன் சார்ஜ் தீர்ந்து கிடக்கிறது. கடிதத்தை நடுவில் யாரும் பிடுங்க முடியாது. பாதியில் மூடி வைக்காமல் முழுவதும் படி.

இங்கே மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது, ஆற்றில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போகிறது, பின்கட்டில் பழையபடி ஒழுகுகிறது. கூடங்குளம் அத்தைக்கு முட்டுவலி அதிகம் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அங்கே போகும்போதுகூட அப்பா அந்த ட்ரோனை எடுத்துப் பையில் வைத்தார், கடலைப் படம் பிடிக்கவாம். அணுமின் நிலையம் இருக்கிற ஊரில் இதைப் பறக்கவிட்டால் ராத்திரிச் சாப்பாடு போலீஸ் ஸ்டேஷனில்தான் என்று நான் கத்திய பிறகு முணுமுணுத்துக்கொண்டே வெளியே எடுத்து வைத்தார். போன லீவில் வந்தபோது நீ ஆசையாக வாங்கிக் கொடுத்தாய், ரிட்டையர் ஆன மனுஷனுக்குப் பொழுது போகட்டும் என்று நானும் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் மொட்டை மாடியில் துணி காயப்போடும் கம்பியில் அது சிக்கி விழுந்த அன்றோடு போய்விட்டது. அதற்குச் சுவர் தெரியும், மரம் தெரியும், மெல்லிய கம்பி தெரியாது என்று அதோடு வந்த புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. அப்பா அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுத்த நான்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். அடுத்து ஆடிக் காற்றில் ஆற்றங்கரையில் கொண்டுபோய் விட்டார். காற்றோடு போகும்போது சிட்டாய்ப் பறந்தது, திரும்பும்போது எதிர்க்காற்றில் இருந்த இடத்திலேயே நின்று தவித்தது, பாட்டரி தீர்ந்து அக்கரையில் நட்ட வயலில் விழுந்தது. போகிற வேகத்தை வைத்து வருகிற கணக்கைப் போடக்கூடாது, முதலில் எதிர்க்காற்றில் போக விட்டிருந்தால் திரும்புவது சுலபமாக இருந்திருக்கும், இது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். ஆனால் அப்பா சாட்டிலைட் சரியில்லை என்றார். நீயும் ஆமாம்ப்பா என்று சொல்லி உடனே புது இறக்கைக்கு ஆர்டர் போட்டுவிட்டாய். அது விழும், நீ இறக்கை அனுப்புவாய், இவர் மாட்டுவார், மறுபடியும் விழும். ஏன் விழுந்தது என்று உங்கள் இரண்டு பேரில் ஒருவராவது உட்கார்ந்து யோசித்திருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

போன மாதம் நம் ஊர்க் கோயில் பிரதிஷ்டை பண்டிகை. ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனத்தை மேலே இருந்து படம் பிடித்து அனுப்புங்கப்பா என்று கேட்டது நீதான். கோயிலுக்கு மேற்கே இருக்கிற வெறும் மைதானத்தில் வைத்துத்தான் அப்பா அதைக் கிளப்பினார், அப்போது அங்கே ஒரு ஆள் கிடையாது. பிறகு மணி அடித்ததும் ஜனம் முழுவதும் அதே மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்துவிட்டது, இலை போட்டாயிற்று, போதகர் ஐயா ஜெபம் பண்ண எழுந்தார். அவருடைய ஜெபம் உனக்குத் தெரியும். மழையில் ஆரம்பித்து விளைச்சல், வியாதியஸ்தர், பரீட்சை எழுதுகிறவர்கள், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் என்று எல்லாரையும் தொட்டுத்தான் ஆமென்னுக்கு வரும், உன் பெயரையும் சொன்னார். அதற்கு முன்னாலேயே அப்பா ட்ரோனை இறக்கியிருக்க வேண்டும். இறக்கவில்லை, எல்லாரும் தலை குனிந்திருக்கிற காட்சி அழகாக விழும் என்று அதை உச்சியிலேயே நிறுத்திவிட்டு, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தானும் கண்ணை மூடிக்கொண்டார். பறந்துகொண்டிருக்கிற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது கண்ணை மூடுவார்களா? கொஞ்ச நேரத்தில் ரிமோட் கீச்கீச் என்று கத்த ஆரம்பித்தது, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது, நான் கண்ணைத் திறந்து பார்க்கிறேன், அவர் கண்ணைத் திறக்காமலே உள்ளங்கையால் அந்தச் சத்தத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். ஏங்க என்று நான் எழுந்து கத்துவதற்குள் அது இறங்கிவிட்டது.

அந்த மிஷின் ஒரு தப்பும் செய்யவில்லை, கிங்ஸ்டன். பாட்டரி குறைந்தால் கிளம்பிய இடத்துக்குத் தானாகத் திரும்பி வந்து இறங்கவேண்டும் என்பது அதற்குக் கொடுத்த கட்டளை, அது சொன்னபடி வந்தது. கிளம்பிய இடத்தில் இப்போது முத்துராணி உட்கார்ந்திருந்தாள். கோயில் தெருத் தையல்காரி, உன் கல்யாணத்துக்கு ரீபாவின் ஜாக்கெட்டெல்லாம் தைத்தவள், மறந்திருக்க மாட்டாய். மடியில் அவள் தங்கச்சியின் பிள்ளை. தலைக்கு மேல் சத்தம் கேட்டுப் பிள்ளையை மறைக்க வலது கையைத் தூக்கியிருக்கிறாள், சுற்றுகிற இறக்கை இரண்டு விரலைக் கிழித்துவிட்டது. இலையெல்லாம் ரத்தம். பிள்ளையின் மேல் ஒரு கீறல்கூட இல்லை, அதற்காக இன்னும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். ஆஸ்பத்திரியில் தையல் போட்டுவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைகிறோம். ஒரு ஆள் மேல் விழுந்துவிட்டது, கையில் காயம் என்று அப்பா சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். நீ திருப்பிக் கேட்டது, கேமரா உடைஞ்சிருச்சாப்பா. யார் அந்த ஆள் என்று நீ கேட்கவில்லை. என்ன காரணம் என்று பார்க்கிறேன், வீடியோவை முழுசாக அனுப்புங்கள் என்றாய், அவரும் அனுப்பினார். அடுத்த நாள் அது உன் ஸ்டேட்டஸில் வந்தது, எங்க ஊர் அசனம் என்று எழுதி, கடைசியில் வருகிறதை மட்டும் வெட்டிவிட்டு. சொந்தக்காரர்கள் எல்லாரும் அருமை அருமை என்று எனக்குப் போன் செய்தார்கள், நான் என்ன பதில் சொல்ல?

போன வாரம் முத்துராணியைப் பார்க்கப் போனேன். தையல் பிரித்தாயிற்று, விரல் மடங்குகிறது, ஆனால் நுனியில் உணர்ச்சி இல்லை. துணியத் தொட்டா துணி மாதிரி தெரிய மாட்டேங்குது டீச்சர், ஊசி எங்கன இருக்குன்னே தெரியல என்று சொன்னாள். நரம்பு, பைய வரும், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னாராம். கொயர் பிள்ளைகளின் கிறிஸ்மஸ் உடுப்புத் துணி வெட்டினபடியே மூலையில் இருந்தது, சாயங்காலம் வேறு ஆள் வந்து எடுத்துக்கொண்டு போகப்போகிறார்களாம். அவள் என்னிடம் கத்தவில்லை, கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். சபையில அத்தன பேரும் கண்ண மூடிட்டுதான் இருந்தோம், சார் ஒருத்தராவது தொறந்திருக்கலாம்லா என்றாள். பிறகு போனை எடுத்து உன் ஸ்டேட்டஸைக் காட்டினாள், ஜாக்கெட் தைத்த நாளில் இருந்து உன் நம்பர் அவளிடம் இருக்கிறது. எல்லாரும் இருக்கோம் டீச்சர், பிள்ளைய வச்சிட்டு நான் உக்காந்திருக்கதும் தெரியுது, என் கைதான் இல்ல என்றாள்.

அப்பா இன்னும் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கேட்டால், ஜெபத்துக்கு நடுவுல எப்படிளா கண்ணத் தொறக்க என்று என்னையே கேட்கிறார். அவருக்கு வெட்கம், அதைக் கோபமாகக் காட்டுகிறார், இத்தனை வருஷத்தில் எனக்கு அது தெரியாதா. ஆனால் நேற்று நீ அனுப்பிய புது இறக்கை வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது, கிறிஸ்மஸ் கேரல் பவனியை மேலே இருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறான் என்றார். தெரு நிறையக் குழந்தைகள், கையில் மெழுகுவர்த்தி, மேலே கரண்ட் கம்பி. நீ படித்த பிள்ளைதானே கிங்ஸ்டன், உனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லையா? ஆள் இருக்கிற இடத்தின் மேல் அது போகக்கூடாது, கிளம்பின இடம் திரும்பும்வரை காலியாக இருக்கவேண்டும், கண்ணை அதில் இருந்து எடுக்கக்கூடாது, எடுக்கவேண்டி வந்தால் முதலில் கீழே இறக்கவேண்டும். நான் சொன்னால் அவர் காதில் ஏறாது, நீ சொன்னால் ஏறும். வேண்டாம்ப்பா என்று ஒரு வார்த்தை சொல்.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன், திட்டிவிட்டேன், ஆனாலும் நீ சாப்பிட்டாயோ இல்லையோ என்றுதான் இந்த வரியிலும் நினைக்கிறேன். ரீபாவுக்கு என் அன்பைச் சொல். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, உங்கள் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. ஒன்றை மறந்துவிடாதே, முத்துராணியின் நம்பர் உன்னிடமும் இருக்கும், அவளைக் கூப்பிடு. கேமராவைப் பற்றிப் பேசாதே. இறக்கையை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன், சாவி என் கழுத்தில் இருக்கிறது. தம்பி கூப்பிட்டாவ டீச்சர், கை எப்படி இருக்குன்னு கேட்டாவ என்று அவள் வாயால் நான் கேட்கவேண்டும்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமாக இருக்கிற உன் அம்மா,
பாக்கியவதி.