சமையலறை ஜன்னலும் லிஃப்ட் அறையும்

அன்பான என் அப்பாவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறார். சக்கர நாற்காலி பழகிவிட்டது. ஆறாம் மாடியை விட்டு இறங்குவதுதான் இல்லை. காலையில் காப்பியோடு சமையலறை ஜன்னலருகே உட்கார்ந்து, தேக்கா வட்டாரத்துக் கூரைகளுக்கு மேலே தெரியும் நம் கோயில் சிலுவையைப் பார்த்து உங்களிடம் பேசுகிறார். உங்களைக் கடைசியாக அங்கிருந்துதானே அனுப்பினோம். உங்களுக்குக் கேட்கிறதா? நான் நம்புவதில்லை. அம்மா நம்புகிறார், அது போதும்.

இப்போது கோயிலை ஒட்டிய பங்கு மண்டபத்தின் மேல் ஒரு மாடி கட்டப்போகிறார்கள். அதன் உச்சியில் லிஃப்ட் இயந்திர அறை. சிலுவை மறையுமா என்று கட்டடக் குழுவின் அந்தோணி அங்கிளிடம் கேட்டேன். கணினியில் வரைபடத்தைத் திறந்து காட்டினார். நிலத்தின் உயரத்தையும் கட்டடங்களின் உயரத்தையும் வைத்து, எங்கிருந்து எது தெரியும் என்று அது கணக்கிடும். புதிய மாடியைச் சேர்த்த பிறகும் நம் அடுக்குமாடி புளோக் பச்சையாகவே இருந்தது.

"பச்சைன்னா தெரியும் லா. அம்மாவ கவலப்படாம இருக்கச் சொல்லு."

என் வேலையே இதுதான் என்பதை அவர் மறந்திருந்தார். ஃபைலை வாங்கி வந்து பார்த்தேன். அந்த உயரத் தரவில் நம் புளோக்கின் கூரையே தரையாகப் பதிவாகியிருந்தது. அங்கிள் அதன் மேல் இன்னும் ஆறு மாடி உயரத்தைக் கூட்டியிருக்கிறார். அவருக்குப் போன் செய்தேன்.

"அங்கிள், எங்கம்மாவ மொட்டை மாடிக்கு மேல பறக்க விட்டிருக்கீங்க."

"அப்படியா? அங்கேருந்து என்னம்மா தெரியுது?"

"கடலுக்கு அந்தப் பக்கம் ஜொகூரே தெரியும்."

சிரித்தார். நானும்தான். பிறகு, பார்வை தொடங்கும் புள்ளியை நம் புளோக்கின் சுவரை ஒட்டி வெளியே, தெருத் தரையில் வைத்தேன். அங்கிருந்து, ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கண் உயரத்தைக் கொடுத்தேன். சிலுவை லிஃப்ட் அறைக்குப் பின்னால் போய்விட்டது. அறையை மண்டபத்தின் பின்பக்கம் தள்ளிப் பார்த்தேன். முழுதாகத் தெரிந்தது.

அம்மாவிடம் சொன்னேன்.

"உங்கப்பா இருந்திருந்தா நேர்ல போய் சண்ட போட்டிருப்பாரு. நீ ஒரு மெயில் அனுப்பிட்டு உக்காந்திருப்ப."

மெயில் அனுப்பவில்லை, அப்பா. பிளான் முடிந்துவிட்டது, இனி மாற்ற முடியாது என்று குழுவில் சொல்கிறார்களாம். இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை, மாற்றலாம். உங்கள் அடக்கப் பூசைக்குப் பிறகு நான் கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. இந்த ஞாயிறு குழு கூடும்போது இரண்டு வரைபடங்களோடும் போய் உட்காருவேன். அறையைப் பின்னால் தள்ளச் சம்மதிக்கும்வரை எழுந்து வரமாட்டேன்.

உங்கள் மூத்த மகள்,
ரீட்டா